தயங்கும் மோட்டார் வண்டி

மலைநாட்டார்க்கு மோட்டார் வண்டி எத்துணை இன்றியமையாதது என்பதைச் சமவெளியில் வாழ்வோர் எளிதில் உணரார். நீலகிரி மலைமீது 1899-ஆம் ஆண்டிற் குன்னூர் வரையிலும், 1908-ஆம் ஆண்டில் உதகமண்டலம் வரையிலும் புகைவண்டி ஏறிற்று. கோத்தகிரிப் பக்கத்திற்கோ இன்றுகாறும் இருப்புப்பாதை வந்திலது. கோத்தகிரிக்கும் அப்பால், தேயிலைத் தோட்டங்களினூடே ஏறியும் இறங்கியும் வளைந்தும் செல்லும் பாதையில் அமைந்த கீழ்க் கோத்தகிரி, சோலூர்மட்டம் முதலிய ஊர்களில் வாழ்க்கை முழுவதும் சக்கரங்களின் மேலேயே நடைபெறுகின்றது. கொய்த பசுந்தேயிலை கெடுமுன் தொழிற்சாலையை அடைதல் வேண்டும். பேறுகால வேதனையுற்ற பெண் மருத்துவமனையை அடைதல் வேண்டும். தேர்வெழுதும் மாணவன் மணியடிக்குமுன் பள்ளியை அடைதல் வேண்டும். இவற்றிற்கெல்லாம் துணை நிற்பது மோட்டார் வண்டி ஒன்றே.

அத்தகைய வண்டி ஏற்றத்தில் தயங்குமாயின் யாதாகும்? ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் முன்னே பாயாது, ஒரு நொடி திகைத்து, இருமி, பின்னர் ஓடும் வண்டியையே யாம் தயங்கும் வண்டி என்கின்றோம். சமவெளியில் அவ்வொரு நொடி எரிச்சலை விளைப்பதோடு அமையும். கொண்டையூசி வளைவில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக, பின்னே பேருந்து நெருங்கி வரும்பொழுது, அதே நொடி உயிருக்கு உலை வைக்கும். குறுகிய மலைப்பாதையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிடல் வேண்டும் என 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளும், அவற்றின் பின்வந்த 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் கூறுகின்றன. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் எடுத்தல் அரிது என்பது மலைப்பாதையில் ஓட்டுவார் அனைவரும் அறிந்ததே. ஆயினும், சட்டம் வழிவிட்டும் எஞ்சின் வழிவிடாவிடின் என் பயன்?

இத்தயக்கத்தைத் தீர்க்கும் முறையைப் பற்றியே யாம் ஈண்டுச் சில சொல்ல விரும்புகின்றோம். எம் கருத்தை முன்னரே கூறிவிடுகின்றோம்: காரணம் காணாமல் உறுப்பை மாற்றுதல் பழுது நீக்கல் ஆகாது, அது பணத்தையும் உயிரையும் சூதாட்டத்தில் வைப்பதாகும்.

இந்நாளில் நடப்பது யாது? வண்டிக்கு உரியவர் பட்டறையில் வண்டியை நிறுத்தி, "பிக்கப் இல்லை" என்று ஒரே சொல்லில் முறையிட்டுவிட்டுச் சென்றுவிடுகின்றார். முதலில் ஸ்பார்க் பிளக்குகள் மாற்றப்படுகின்றன. குறை தீர்ந்திலது. பின்னர் ஏர் பில்டர். அதன்பின் பெட்ரோல் பம்ப். அதற்கும் பின்னர் ஏதேனும் ஒரு சென்சார். நான்காம் முறை குறை தீர்ந்தால், முதல் மூன்று உறுப்புகளின் விலை வீணாயிற்று. தீராவிடின் நான்கும் வீணாயின. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் தேயிலையை நம்பி வாழும் சிறு விவசாயிக்கு இவ்வீண்செலவு பல வாரத்து இலைக் காசாகும். அதனினும் கொடியது, "எல்லாம் மாற்றியாயிற்று" என்னும் பொய்த் துணிவோடு அவர் மறுநாள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலையேறுவதே.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துள்ளார். நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைபுரிவோன் என்பன அவை. மோட்டார் வண்டிக்கும் இந்நான்கும் பொருந்தும். வண்டி நோயாளி, மெக்கானிக் மருத்துவர், புதிய உறுப்பு மருந்து, உரியவரோ அருகிருந்து நோயாளியை நோக்கும் துணைவர். வாயற்ற நோயாளிக்கு வாயாக இருந்து பேச வேண்டியவர் அத்துணைவரே. நம் நாட்டில் மருந்து ஒன்றையே மருத்துவம் எனக் கொண்டு, ஏனை மூன்றையும் மறந்தோம்.

துணைவர் என்ன பேச வேண்டும் என்பதை அறிய, எஞ்சின் எவ்வாறு மூச்சு விடுகின்றது என்பதைச் சிறிது அறிதல் நலம். பெட்ரோல் முற்றும் எரிய, எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். ஆக்ஸிலரேட்டரைத் திடீரென மிதித்தால் காற்று உடனே உட்புகும். பெட்ரோலோ காற்றினும் கனமானது. அதன் ஒரு பகுதி குழாயின் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். ஆதலின் அந்நொடியில் மட்டும் பெட்ரோலைச் சற்று மிகுதியாக ஊட்டுதல் வேண்டும். 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் போன்ற பழைய கார்களில், கார்புரேட்டரில் அமைந்த ஒரு சிறு பம்ப் இவ்வேலையைச் செய்தது. இக்காலக் கார்களில், மிதி எவ்வளவு அழுந்திற்று, காற்று எவ்வளவு புகுந்தது என்பவற்றைச் சென்சார்கள் கணினிக்கு அறிவிக்க, அது கணக்கிட்டுப் பெட்ரோலைப் பீய்ச்சுவிக்கின்றது. காற்று, எரிபொருள், தீப்பொறி என்னும் மூன்றனுள் ஒன்று உரிய காலத்தில் உரிய அளவில் வாராவிடின் எஞ்சின் தயங்கும்.

எனவே, "எப்பொழுது தயங்குகின்றது?" என்னும் வினாவே முதல் வினா. மிதித்த அந்நொடியில் மட்டும் திகைத்து, பின்னர் நன்றாக ஓடுமாயின், காற்றின் அளவைத் தவறாகச் சொல்லும் சென்சாரையோ, அழுக்கடைந்த திராட்டிலையோ, வெடிப்புற்ற ரப்பர்க் குழாய்வழிக் கணக்கில் வாராது நுழையும் காற்றையோ ஐயுறல் வேண்டும். பழைய வண்டியாயின், கார்புரேட்டரின் அச்சிறு பம்பை நோக்கல் வேண்டும். இனி, நின்றபடி சீராக ஓடி, பாரத்தோடு மேடேறும்பொழுது மட்டும் விட்டுவிட்டு உதறுமாயின் தீப்பொறியை ஐயுறல் வேண்டும். பாரம் மிகுந்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் மிகும். அழுத்தம் மிகுந்த இடத்தில் பொறி பாய்தல் அரிது. ஆதலின் மெலிந்த பிளக்கும் காயிலும் ஆண்டுத் தோற்றுப்போகும். தொடக்கத்தில் நன்றாக ஏறி, நெடுந்தொலைவு ஏறிய பின்னர்ப் படிப்படியாகச் சோர்ந்து தயங்குமாயின், அடைபட்ட பெட்ரோல் பில்டரையோ வலியிழந்த பம்பையோ ஐயுறல் வேண்டும். வண்டி கேட்கும் அளவிற்குப் பெட்ரோல் வந்து சேராமையே அதன் காரணம்.

ஒரே "பிக்கப் இல்லை" என்னும் சொல்லுக்குள் இம்மூன்று நோய்களும் மறைந்து கிடத்தலை நண்பர்கள் நோக்குக. 'திகைத்தல்', 'உதறுதல்', 'சோர்தல்' என்று வேறுபடுத்திச் சொல்ல நம் மொழியிற் சொற்கள் இல்லாமல் இல்லை. சொல்லத்தான் நாம் முற்படுவதில்லை. குளிர்ந்த எஞ்சினிலா, சூடேறிய எஞ்சினிலா, மழைநாளிலா, எந்தக் கியரில், எத்துணைப் பாரத்தோடு என்னும் குறிப்புகளையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுப்பாராயின், துணைவர் தம் கடமையைச் செய்தவராவார். வடகிழக்குப் பருவமழையில் மூடுபனி சூழ்ந்த நாளில் மட்டும் உதறும் பழைய வண்டிக்கு, ஈரத்தில் மின்சாரம் கசியும் பிளக் ஒயர்களே பெரும்பாலும் காரணமாதலின், "மழைநாளில்" என்னும் ஒரு சொல் பட்டறையில் ஒரு பகற்பொழுதை மிச்சப்படுத்தும்.

நிற்க. தயக்கம் போலத் தோன்றித் தயக்கம் அல்லாதனவும் சில உள. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்தினின்று ஏறக்குறைய 325 மீட்டர் உயரத்திலும், கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மேலே செல்லச் செல்லக் காற்று மெலியும். மேட்டுப்பாளையத்துக் காற்றோடு ஒப்பிடின், கோத்தகிரியில் அதே கன அளவுள்ள காற்றின் எடை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அவ்வளவு வலிமையும் குறையும். ஆயின் இக்குறைவு சீரானது, உதறாது, திகைக்காது. இதனை நோயெனக் கருதி உறுப்பு மாற்றுதல், மலையேறியவன் மூச்சு வாங்குவதைக் கண்டு காசநோய்க்கு மருந்து கொடுப்பதை ஒக்கும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் மட்டும் இம்மெல்லிய காற்றோடு பெட்ரோல் மிகுதியாகக் கலந்து கரும்புகை கிளம்பும். அவற்றிற்கு மலைக்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துச் சரிசெய்தலே மருந்து. இனி, மிதித்தால் எஞ்சினின் ஓசை ஏறுகின்றது, வண்டியின் வேகம் ஏறவில்லையெனின், அது தேய்ந்த கிளட்ச் வழுக்குவதாகும். எஞ்சின்மீது பழி இல்லை.

தோட்டங்களில் இலை சுமக்கும் டீசல் வண்டிகளின் செய்தி சிறிது வேறு. அவற்றில் ஸ்பார்க் பிளக் இல்லை. டீசல் பில்டரில் நீரும் அழுக்கும் தங்குதலும், டர்போவினின்று எஞ்சினுக்குக் காற்றுச் செல்லும் குழாய் வெடித்தலும் அவற்றின் தயக்கத்திற்கு வழக்கமான காரணங்கள். மேடேறும்பொழுது சீறும் ஓசையும் கரும்புகையும் ஒருங்கே தோன்றின், அக்குழாயை முதற்கண் தடவிப் பார்த்தல் வேண்டும். கையாற் பார்த்தற்குக் காசு இல்லை.

இதுவே ஆராய்ச்சியின் ஒழுங்கு என்பது எம் கருத்து. காசில்லாச் சோதனை முதலில், சிறு காசுச் சோதனை அடுத்து, பெருங்காசு இறுதியில், சோதனையில் தேறாத எவ்வுறுப்பையும் மாற்றாமை யாண்டும். ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். இக்காலக் கார்களில், கணினி தான் கண்ட குறையை ஒரு குறியீட்டால் அறிவிக்கும். பி 0301 என்பது முதற் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பதன் குறி. அது கண்டு பலர் புதிய காயில் வாங்க ஓடுவர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உடைய வண்டியாயின், எஞ்சினை நிறுத்தி, முதற் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கும், இரண்டாவதன் காயிலை முதலாவதற்கும் மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்த்தல் வேண்டும். குறி பி 0302 என மாறினால் காயிலே குற்றவாளி. மாறாவிடின் அது குற்றமற்றது. பிளக்கையோ பெட்ரோல் பீய்ச்சும் ஊசியையோ ஆராய்க. பத்து நிமிடத்தில், ஒரு காசும் செலவின்றி, ஐயம் நீங்கித் தெளிவு பிறத்தலைக் காண்க.

"கணினி எல்லாவற்றையும் சொல்லிவிடுமே; ஆராய்ச்சி எதற்கு?" என்பார்க்கும் மேற்கூறியதே விடை. கணினி அறிகுறியைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. பி 0171 என்னும் குறி, காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தது என்று மட்டுமே கூறும். அதற்குக் காரணம் வெடித்த குழாயோ, அடைபட்ட பில்டரோ, அழுக்கேறிய சென்சாரோ என்பதை மனிதனே காணல் வேண்டும். சுரமானி காய்ச்சலைக் காட்டும். காய்ச்சலின் வேரைக் காட்டுமோ?

இனி ஒரு புதுப்பழியையும் நோக்குவோம். 2025-ஆம் ஆண்டில் நாடெங்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலத்தல் என்னும் இலக்கு எய்தப்பட்டது. அதுமுதல், தயங்கும் வண்டியைக் கண்டால் "எல்லாம் எத்தனாலால் வந்த வினை" என்று கூறுவார் பெருகினர். எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்பினது. பழைய டாங்குகளில் ஒட்டிய கசடைக் கரைத்துப் பில்டரிற் கொண்டு சேர்க்க வல்லது. அதற்கென அமையாத பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கவும் கூடும். லிட்டருக்கு லிட்டர் நோக்கின், பெட்ரோல் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே அது தரும். இவையெல்லாம் மெய்ம்மை. ஆயினும், இவ்வண்டியின் இத்தயக்கத்திற்கு அதுவே காரணமா என்பதைப் பில்டரைக் கழற்றிப் பார்த்தும் எரிபொருளின் அழுத்தத்தை அளந்தும் அன்றோ துணிதல் வேண்டும்? சான்றின்றிப் பிளக்கின்மேற் பழி சுமத்துதலும், சான்றின்றி எத்தனாலின்மேற் பழி சுமத்துதலும் ஒரே குற்றமாம்.

மெக்கானிக்குகளைக் குறை கூறுதல் எம் நோக்கம் எனச் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. குறையின் பெரும்பங்கு நம்முடையதே. ஒருவர் இரண்டு மணிநேரம் வண்டியை ஓட்டிப் பார்த்தும், அளந்தும், ஆராய்ந்தும், "ஒரு சிறு குழாய் வெடித்திருக்கின்றது" என்று கண்டு, அதனை மாற்றித் தருவாராயின், "குழாயின் விலை இவ்வளவுதானே, கூலி ஏன் இவ்வளவு?" என்று வழக்காடுகின்றோம். ஆராயாமல் பெரியதோர் உறுப்பை மாற்றினாரேல், விலைச்சீட்டைக் கண்டு வாய்பேசாது பணம் எண்ணி வைக்கின்றோம். இரும்புக்கு விலை கொடுக்கும் நாம் அறிவுக்கு விலை கொடுக்க மறுப்பதால், மெக்கானிக்கும் அறிவைப் பூட்டி வைத்து இரும்பை விற்கக் கற்றுக்கொள்கின்றார். ஆராய்ச்சிக்கெனத் தனிக் கூலியை முன்னரே பேசிக் கொடுத்தலும், கழற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கி அதன் குற்றம் யாதென விளக்கச் சொல்லுதலும் ஒவ்வொருவரும் மேற்கொள்ளத்தக்க வழக்கங்கள். முன்னது மெக்கானிக்கின் அறிவை மதிப்பது. பின்னது அவர் கூற்றுக்குச் சான்று பெறுவது. இரண்டும் ஒருங்கே நிகழும் பட்டறையில் ஐயமும் பூசலும் தங்கா.

இவ்வாராய்ச்சி மனப்பான்மைக்குப் பெரிய பட்டங்கள் வேண்டுவதில்லை. நம் கொங்குநாட்டு ஜி. டி. நாயுடு அவர்கள் பள்ளிப் படிப்பு மிகுதியும் பெற்றாரல்லர். இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உழைத்துச் சேர்த்த பணத்தால் அதனை விலைக்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்து, மீண்டும் பூட்டி, அதன் இயல்பை அறிந்தார். அவரே 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். பின்னாளில் கோயம்புத்தூரில் தொழிற்கல்வி வளரவும் பெருந்துணை புரிந்தார். உறுப்பை மாற்றிப் பழகியவர் நாட்டில் ஆயிரவர் உளர்; "இஃது ஏன் இவ்வாறு இயங்குகின்றது?" என்று கேட்டுப் பழகியவரே அவர்போல் உயர்வர்.

"தமிழ் பயில்வார்க்கு மோட்டார் வண்டியோடு என்ன உறவு?" என வினவும் நண்பர்க்கு ஒன்று கூறுவோம். கண்டதைக் கண்டவாறே சொல்லுதலும், ஒன்றை மற்றொன்றின் வேறுபடுத்திப் பெயரிடுதலும், சான்றின்றித் துணியாமையும் இலக்கணம் நமக்குக் கற்பிக்கும் பண்புகள் அல்லவோ? ஒரு சொல்லின் பொருளைத் துணியப் பத்து இடங்களை ஒப்புநோக்கும் மாணவன், தன் வீட்டு வண்டி பட்டறையில் நிற்கும்பொழுது "பிக்கப் இல்லை" என்னும் இரு சொல்லோடு திரும்பலாமோ? கல்லூரியிற் கற்ற நுட்பம் பட்டறை வாயிலில் உதவாதெனின் அக்கல்வியும் ஏற்றத்தில் தயங்கும் வண்டியே.

விடுமுறைக்கு மலையூர் செல்லும் நண்பர்காள்! உங்கள் இல்லத்து வண்டியோ, அயலாரின் வண்டியோ தயங்கக் காண்பீராயின், அருகமர்ந்து ஒரு முறை மேடேறிப் பாருங்கள். எப்பொழுது, எவ்வாறு, எத்துணை நேரம் தயங்குகின்றது என்பதைத் தெளிந்த தமிழில் எழுதுங்கள். அத்தாளை மெக்கானிக்கின் கையிற் கொடுத்து, "முதலில் காரணத்தைக் கண்டு சொல்லுங்கள், அதற்குரிய கூலியைத் தருகின்றோம், பின்னர் உறுப்பை மாற்றுவோம்" என்று பணிவோடு கூறுங்கள். அத்தாள் ஒரு சிறு விவசாயியின் இலைக் காசைக் காக்கும். ஏதேனும் ஒரு மழையிரவில், கொண்டையூசி வளைவில், ஓர் உயிரையும் காக்கக் கூடும்.